காந்தமும் ஒளியும் சேர்ந்த துகள்: உயிரணு பார்ப்பது அதன் தோலைத்தான்

டீச்சர், நீங்கள் கேட்டவை மூன்று. அறிவியல் விழாவுக்காகப் பிள்ளைகளோடு தேடும்போது, ‘காந்தத் தன்மையும் ஒளிரும் தன்மையும் கொண்ட நானோ துகள்களை வைத்து உயிரணுக்களைப் படம் பிடிக்கிறார்கள்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டிருக்கிறது. ஒரே துகளில் காந்தமும் ஒளியும் எதற்கு என்பது பிள்ளைகளின் கேள்வி. உயிரணு அதை எப்படி உள்ளே விடுகிறது என்பது உங்கள் கேள்வி. போன மாதம் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கையில் ஏற்றிய மருந்து இதுதானா, அது உடம்பில் தங்கிவிடுமா என்பது உங்கள் அம்மாவின் கேள்வி. அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பயத்தோடு கேட்டவரைக் காக்கவைக்கக் கூடாது.

அம்மாவுக்குப் போட்டது பெரும்பாலும் கடோலினியம் கலந்த மருந்தாகத்தான் இருக்கும். அது துகள் இல்லை. ஒரேயொரு கடோலினிய அணுவை ஒரு மூலக்கூறு நண்டுக் கொடுக்குபோல் இறுகப் பிடித்திருக்கும், அவ்வளவு சிறியது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரோடு போய்விடும். மிகச் சொற்ப அளவு எலும்பிலும் மூளையிலும் தங்குவதைப் பின்னாளில் கண்டுபிடித்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு அதனால் தீங்கு வந்ததாக நிறுவப்படவில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குச் சில பழைய வகை மருந்துகளால் தோல் தடித்து இறுகும் நோய் வந்தது. அந்தத் தொடர்பு 2006இல் வெளிப்பட்டது. ஊசிக்கு முன்னால் இரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்ப்பது அதனால்தான். எந்த மருந்து போட்டார்கள் என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்கி, அம்மாவின் மருத்துவ அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி துகள். அதன் அளவு மனதில் பதிந்துவிட்டால் பாதி புரிந்துவிடும். நம் உடம்பின் ஓர் உயிரணு சுமார் 10 மைக்ரோமீட்டர் அகலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்த உயிரணுவை நம் பள்ளித் திடல் அளவுக்கு, 100 மீட்டருக்கு, ஊதிப் பெரிதாக்கியதாக வைத்துக்கொள்வோம். அப்போது 10 நானோமீட்டர் துகள் என்பது திடலில் கிடக்கும் ஓர் ஆரஞ்சுப் பழம். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. 1873இல் எர்ன்ஸ்ட் அபே வகுத்த எல்லை அது. திடல் கணக்கில் இரண்டு மீட்டர். ஆரஞ்சுப் பழம் எங்கே தெரியப்போகிறது! ஆனால் அந்தப் பழம் ஒரு விளக்காக இருந்தால், வடிவம் தெரியாவிட்டாலும் இடம் தெரிந்துவிடும். விடியாத நேரத்தில் பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், அசையும் தலைவிளக்குகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முகம் தெரியாது, ஆள் தெரியாது. எந்த நிரையில் நிற்கிறார் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். ஒளிரும் துகளின் வேலை அவ்வளவுதான்.

முன்பு இந்த விளக்கு வேலையைச் சாயங்கள் செய்தன, இன்றும் அவைதான் பெரும்பகுதியைச் செய்கின்றன. குறை என்னவென்றால், வலுவான ஒளியில் தொடர்ந்து காட்டினால் சாயம் வெளுத்துவிடும். உயிரணுவுக்குள் ஒன்று நகர்வதை அரை மணி நேரம் பின்தொடரலாம் என்று உட்கார்ந்தால் சில நிமிடங்களிலேயே விளக்கு அணைந்துபோகும். இதற்கு மாற்றாக வந்தவைதான் குவாண்டம் புள்ளிகள், சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்திப் படிகங்கள். இவற்றின் நிறம் பொருளை விட அளவைப் பொறுத்தே மாறும். கேட்மியம் செலினைடை 2 நானோமீட்டர் அளவில் செய்தால் நீலத்தின் பக்கம் ஒளிரும். 6 நானோமீட்டர் என்றால் சிவப்பு. நாதஸ்வரத்தில் திமிரி குட்டையாக இருப்பதால் சுருதி ஏறும், பாரி நீளமாக இருப்பதால் சுருதி இறங்கும் இல்லையா, அதே மாதிரி. எலக்ட்ரான் அடைபட்டிருக்கும் இடம் சிறுத்தால் ஒளியின் ஆற்றல் கூடும். அலெக்சி எக்கிமோவ் 1981இல் கண்ணாடிக்குள்ளும், லூயி புரூஸ் 1983இல் திரவத்திலும் இதைக் கண்டார்கள். மூங்கி பவெண்டி 1993இல் ஒரே அளவான புள்ளிகளைச் செய்யும் முறையைத் தந்தார். மூவருக்கும் 2023இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. உயிரணுவுக்குள் இவற்றை விளக்காக வைக்கலாம் என்று 1998இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டின.

கேட்மியம் நஞ்சு. ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் உயிரணுவைப் பார்க்க அது உதவட்டும். மனித உடம்புக்குள் விடும் எண்ணம் எனக்குச் சம்மதமில்லை. புள்ளியின் மேற்பூச்சு சிதைந்தால் கேட்மியம் கசிந்து உயிரணுவைக் கொல்லும்.

ஒளிக்கு இன்னொரு பெரிய குறை உண்டு. அதைப் பிள்ளைகளே வகுப்பில் செய்து பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியின் டார்ச்சை உள்ளங்கைக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். விரலோரங்களில் சிவப்பு மட்டும் தெரியும். நீலத்தையும் பச்சையையும் இரத்தமும் சதையும் விழுங்கிவிடும்; சிவப்பும் அதைத் தாண்டிய அகச்சிவப்பும்தான் கொஞ்சமாவது கடந்து வரும். ஊதா, நீல ஒளிகளை அடித்தால் நம் திசுவே மங்கலாகப் பச்சையாய் ஒளிரும், அது வேறு. வெளிச்சமான கடைத்தெருவில் மின்மினியைத் தேடினால் எப்படி இருக்கும்? அதே நிலைதான்.

இதற்கு அரிமண் தனிமங்கள் (rare earths) என்ற உலோகக் குடும்பம் ஓர் அழகான வழி தந்தது. இட்டெர்பியமும் எர்பியமும் கலந்த நானோ படிகத்தின்மேல் 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அடித்தால், அது பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரும். குறைந்த ஆற்றலைக் கொடுத்து அதிக ஆற்றல் ஒளியை வாங்குவதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். செம்பனைக் குலையை லாரியில் ஏற்றுவதை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் உச்சிக்கு எறிய முடியாவிட்டால், முதல் தூக்கில் லாரியின் பின்பலகையில் வைத்து, இரண்டாவது தூக்கில் மேலே ஏற்றலாம். குலை பலகையிலேயே நிற்கவேண்டும், கீழே உருண்டால் கதை முடிந்தது. எர்பியத்தில் அந்தப் பலகை உண்டு. இட்டெர்பியம் அகச்சிவப்பு ஒளியை வாங்கி ஒருமுறை தருகிறது, எர்பியம் பலகையில் காத்திருக்கிறது, இரண்டாவது முறை கிடைத்ததும் மேலே ஏறிப் பச்சையாக ஒளிர்கிறது. நம் திசுவில் இந்த ஏற்பாடு இல்லை, அதனால் அகச்சிவப்பில் அது இருட்டாகவே கிடக்கும்; துகள் மட்டும் தெரியும். 1966இல் பிரான்சுவா ஓசெல் விளக்கிய இந்த இயல்பு, உயிரணுக்களைப் பார்க்கும் வேலைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. 980 நானோமீட்டர் ஒளியைத் தண்ணீரும் உறிஞ்சிச் சூடாகும் என்பது ஒரு தொல்லை. நியோடிமியம் சேர்த்து 808 நானோமீட்டரில் அடித்தால் அந்தச் சூடு குறையும்.

இட்ரியம், இட்டெர்பியம், எர்பியம் மூன்றும் சுவீடனில் இட்டர்பி என்ற சிற்றூரின் பெயரால் வந்தவை. ஆனால் பிள்ளைகளுக்கு நம் மண்ணையே காட்டுங்கள். சிலாங்கூரில் நம் பெஸ்தாரி ஜெயாவில் (எனக்கு இன்னும் அதன் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) மிதக்கும் தோண்டுகப்பல் விட்டு ஈயம், அதாவது வெள்ளீயம், தோண்டிய காலத்தைத் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். ஈயத்தை எடுத்தபின் மிஞ்சும் கனமான மணலை ஆமாங் என்பார்கள். மலேசிய ஆமாங்கில் இல்மனைட், சிர்க்கான் இவற்றோடு மோனசைட்டும் செனோடைமும் இருக்கும். செனோடைம் என்பது இட்ரியம் பாஸ்பேட். இட்டெர்பியமும் எர்பியமும் அதற்குள்தான் ஒளிந்திருக்கின்றன. அந்த மணலை வகை பிரிக்க ஆமாங் கொட்டகைகளில் பயன்படுத்தியது என்ன தெரியுமா? காந்தம்! மோனசைட்டில் தோரியம் இருப்பதால் கதிரியக்கம் உண்டு. ஆகவே பழைய ஈயக்குட்டைப் பக்கம் மணல் எடுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

சரி, காந்தத்துக்கு வருவோம். பயன்படும் பொருள் பெரும்பாலும் மேக்னடைட் என்ற கரும் இரும்பு ஆக்சைடு. சாதாரணக் காந்தத்தூளை இரத்தத்தில் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயை அடைத்துவிடும். ஆனால் மேக்னடைட்டைச் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே செய்தால் அதன் குணமே மாறுகிறது. அறையின் வெப்பமே ஒவ்வொரு துகளின் காந்தத் திசையையும் ஓயாமல் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கும்; மொத்தத்தில் காந்தமே இல்லாததுபோல் இருக்கும். வெளியிலிருந்து காந்தப் புலம் வந்தால் எல்லாம் ஒரே திசையில் திரும்பும். புலம் போனதும் கலைந்துவிடும். இடைவேளையில் திடல் முழுக்க ஓடும் பிள்ளைகள் மணி அடித்ததும் வரிசையில் நிற்பார்களே, அப்படி. இதன் அடிப்படையை லூயி நீல் 1949இல் விளக்கினார்.

செய்முறையைக் கேட்டால் எளிது. இரண்டு வகை இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தண்ணீரில் கரைத்து, காற்றுப் படாமல் கலக்கிக்கொண்டே அமோனியா ஊற்றினால் மஞ்சள் கரைசல் கண்ணெதிரே கறுத்துவிடும். ரெனே மாசார் 1981இல் வெளியிட்ட முறை இது. ஒரே அளவாக வேண்டும் என்றால் இரும்பை ஒலியிக் அமிலத்தோடு சேர்த்து 300 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கவைக்க வேண்டும். ஒலியிக் அமிலம் எங்கிருந்து வருகிறது? செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஐந்தில் இரண்டு பங்கு அதுதான். அரிமண் படிகங்கள் செய்வதிலும் அதே ஒலியிக் அமிலம். நம்மைச் சுற்றி நிற்கும் மரம் தரும் பொருள் இல்லாமல் இந்தத் துறையில் பாதிப் பேருக்கு வேலை ஓடாது.

காந்தத் துகள் என்ன காட்டும்? எம்.ஆர்.ஐ. கருவி நம் உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜனிலிருந்து சைகை வாங்குகிறது. இரும்புத் துகள் இருக்கும் இடத்தில் சுற்றுப்புலம் குலைந்து சைகை சீக்கிரம் அடங்கிவிடும். படத்தில் கறுப்பாக விழும். துகளின் அளவைவிட அந்தக் கறுப்பு பல மடங்கு பெரிதாகப் பரவுவதால்தான் நமக்குத் தெரிகிறது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெரிடெக்ஸ் என்ற மருந்து இதை வைத்துக் கல்லீரல் கட்டிகளைக் காட்டியது. நல்ல கல்லீரலில் உள்ள விழுங்கு உயிரணுக்கள் இரும்பை எடுத்துக் கறுத்துவிடும்; கட்டியில் அவை இல்லாததால் கட்டி வெளுப்பாக நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2005இல் நெதர்லாந்தில் வெளிவந்தது. தோல் புற்றுநோயாளிகளின் சொந்த நோய் எதிர்ப்பு உயிரணுக்களை வெளியே எடுத்து, பயிற்சி கொடுத்து, இரும்புத் துகளை ஊட்டி, அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே நிணநீர்க் கணுவுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், எட்டுப் பேரில் நான்கு பேருக்கு ஊசி கணுவுக்குள் சரியாகப் போகவே இல்லை. தேர்ந்த கைகள், நல்ல கருவி, அப்படியும் தவறியிருக்கிறது. அந்தக் கறுப்புப் புள்ளிகள் இல்லையென்றால் ‘சிகிச்சை பலிக்கவில்லை’ என்று எழுதியிருப்பார்கள். சிகிச்சை போய்ச் சேரவே இல்லை என்பது தெரியாமலே போயிருக்கும்.

அப்படியானால் காந்தமே போதுமே, ஒளி எதற்கு? பிள்ளைகளின் கேள்விக்கு இப்போது பதில் வந்துவிட்டது. கறுப்பு என்றால் இரும்பு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பழைய இரத்தக்கசிவும் கறுப்பு, காற்றுக்குமிழியும் கறுப்பு. ஊட்டிய உயிரணு செத்து, அதை வேறொரு விழுங்கு உயிரணு தின்றுவிட்டாலும் இரும்பு அங்கேயேதான் இருக்கும், படமும் மாறாது. மருத்துவமனைக் கருவி சுமார் ஒரு மில்லிமீட்டர் வரைதான் பிரித்துக் காட்டும். உயிரணு அதில் நூறில் ஒரு பங்கு. ஒளியோ உயிரணுவின் உள்ளறை வரை காட்டும், ஆனால் ஆழம் போகாது. ஆகவே எந்த உறுப்பில் இருக்கிறது என்று காந்தம் சொல்லட்டும். பிறகு அந்த இடத்தில் ஒரு துளித் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், எந்த உயிரணுவில், எந்தப் பகுதியில் என்று ஒளி சொல்லும். ஒரே துகள் இரண்டு சாட்சியும் சொல்வதால் இரண்டு படத்தையும் நம்பிப் பொருத்தலாம்.

உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் துகளின் ஒளி பதில் சொல்லாது. அதற்கு மின்மினிதான் வேண்டும். சிலாங்கூர் ஆற்றின் கீழ்ப்பக்கம் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் சேர்ந்து மினுக்குவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். துகள் வெளியிலிருந்து ஒளியை வாங்கித்தான் ஒளிரும். மின்மினி லூசிபெரின் என்ற பொருளை எரித்துத் தானே ஒளி உண்டாக்குகிறது, அதற்கு உயிரணுவின் சொந்த ஆற்றல் தேவை. அமெரிக்க மின்மினி ஒன்றிலிருந்து அந்த ஒளி நொதிக்கான மரபணுவை 1985இல் பிரித்தெடுத்தார்கள். இரும்பு ஊட்டிய உயிரணுவுக்குள் அந்த மரபணுவையும் வைத்தால், உயிர் இருக்கும்வரைதான் ஒளி. இரண்டையும் சேர்த்துச் செய்த ஆய்வுகளைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

ஆனால் காந்தத்தையும் ஒளியையும் சேர்த்துவைப்பது மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்பில் சமைக்கவிடுவது போன்றது. மேக்னடைட் கறுப்பு, போகும் ஒளியையும் விழுங்கும், வரும் ஒளியையும் விழுங்கும். சாயத்தை இரும்புத் துகளின்மேல் நேரடியாக ஒட்டினால் அதன் ஆற்றலை இரும்பு உறிஞ்சி அணைத்துவிடும். நடுவில் ஒரு சுவர் வேண்டும். 1968இல் வெர்னர் ஸ்டோபர் குழு தந்த முறையில் 10, 20 நானோமீட்டர் கனத்துக்குச் சிலிக்கா, அதாவது கண்ணாடிப் பூச்சு, பூசி அதன் வெளிப்பக்கத்தில் சாயத்தை வைக்கிறார்கள். சுவர் கனத்தால் ஒளி பிழைக்கும், ஆனால் நீர் உள்ளே நெருங்க முடியாமல் காந்தச் சைகை குறையும். எல்லா ஆய்வுக்கூடங்களிலும் இந்தப் பேரம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. இன்னொரு வழி, சண்டையே இல்லாத பொருளை எடுப்பது. கடோலினியத்தில் இணையில்லாத எலக்ட்ரான்கள் ஏழு. சோடியம் கடோலினியம் புளோரைடு படிகத்தில் இட்டெர்பியமும் எர்பியமும் கலந்தால், ஒரே படிகம் எம்.ஆர்.ஐ.யில் வெளுப்பாகவும் அகச்சிவப்பில் பச்சையாகவும் தெரியும். நிறமற்ற படிகம் என்பதால் ஒளியை விழுங்காது. என் மனம் இந்தப் பக்கம்தான் சாயும்.

இப்போது உங்கள் கேள்வி, டீச்சர். உயிரணு எப்படி உள்ளே விடுகிறது? இதற்கு நான் எங்கள் அம்மாவின் பால்வாளியிலிருந்துதான் வரவேண்டும்.

அம்மா விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போவார். பால் எடுத்து வாளியில் ஊற்றியதும் கொஞ்சம் அமோனியா விடுவார். ஒருநாள் அமோனியா புட்டி வழியில் கவிழ்ந்துவிட்டது. பதினொரு மணி வெயிலில் பால் கொட்டகைக்கு வரிசையில் நிற்கும்போது வாளிக்குள் கைவிட்டார். தயிர்போல் வெள்ளைக் கட்டிகள் விரலிடுக்கில் தொங்கின. அன்றைய உழைப்பு பால் கணக்கில் ஏறவில்லை, ஒட்டுப்பால் விலைக்குத்தான் போனது. “புளிச்சிட்டா கட்டிக்கும்யா” என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ரப்பர் பாலே நுண்துகள்கள் மிதக்கும் திரவம் என்பதும், ஒவ்வொரு துகளுக்கும் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆன மெல்லிய தோல் உண்டு என்பதும், அந்தத் தோலின் எதிர்மின்னூட்டம்தான் துகள்களை விலக்கிவைக்கிறது என்பதும் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்கவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அமோனியா புளிப்பைத் தடுக்கிறது. அம்மா சொன்னது முழு வேதியியல்.

பிறகு கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முதன்முறை நானோ துகள் செய்தபோது எனக்கும் பால் கட்டியது. சுத்தத் தண்ணீரில் துகள்கள் தெளிந்த தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் அழகாக மிதந்தன. மாலையில் உயிரணு வளரும் தட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணுக்கள் எல்லாம் சிவப்பாக மின்னுகின்றன! மகிழ்ச்சியோடு மேற்பார்வையாளரை அழைத்துக் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “கழுவினீங்களா?” உப்புநீரால் இரண்டுமுறை கழுவினேன். முக்கால்வாசி ஒளி கழிவுக் குவளைக்குள் போய்விட்டது. மிச்சமும் உயிரணுவின் மேல்தான் படிந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. உயிரணு வளரும் திரவத்தில் கடல்நீரில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு இருக்கும். அந்த உப்பு துகள்களின் மின்னூட்டத்தை மறைத்து, எல்லாவற்றையும் கட்டிசேர்த்துத் தட்டின்மேல் மணலாகக் கொட்டிவிட்டது.

இந்தத் துறையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது தோல்தான் என்று நான் அடித்துச் சொல்வது அதனால். நடுவில் இருப்பது இரும்பா, கேட்மியமா, எர்பியமா என்று உயிரணுவுக்குத் தெரியாது. அது தொட்டுப் பார்ப்பது வெளித்தோலை மட்டும். உப்பிலும் கட்டாமல் இருக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீண்ட நீர்விரும்பும் இழைகளைத் தோலில் நட்டுவைக்கிறார்கள். அந்த இழைகள் துகள்களை ஒன்றையொன்று நெருங்கவிடாது. அப்படியும் இரத்தத்தில் இறங்கிய சில நிமிடங்களிலேயே இரத்தப் புரதங்கள் வந்து அப்பிக்கொள்ளும். நாம் போட்ட தோலின்மேல் உடம்பு போடும் இன்னொரு தோல் அது. ‘புரத மகுடம்’ என்று 2007இல் பெயர் வைத்தார்கள். குறிப்பிட்ட உயிரணுவை மட்டும் தேடிப்போகட்டும் என்று நாம் ஒட்டிய எதிர்ப்பொருளை (குறிப்பிட்ட இலக்கில் மட்டும் பற்றிக்கொள்ளும் புரதத்தை) அந்த மகுடம் மூடிவிட்டால், முகவரி அழிந்த கடிதம்போல் துகள் கல்லீரலில் போய்ச் சேரும்.

தோல் சரியாக இருந்தால் உயிரணு தன் சவ்வைக் குழித்து, துகளைச் சின்னப் பையாகச் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு ஆற்றல் செலவாகும். அதனால் ஓர் எளிய சோதனை உண்டு: தட்டை 4 பாகை குளிரில் வைத்தால் இந்த இழுப்பு நின்றுவிடும். குளிரிலும் ஒளி அதே அளவு இருந்தால் துகள் உள்ளே போகவில்லை, வெளியே ஒட்டியிருக்கிறது என்று பொருள். அழகான வண்ணப்படம் போட்ட கட்டுரையைப் படித்தால் முதலில் நான் தேடுவது இந்தச் சோதனையைத்தான். அப்புறம் அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்த குறுக்குவெட்டுப் படம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டும் இல்லையென்றால் அந்த மினுமினுப்பை நம்பமாட்டேன்.

உள்ளே போன பை கடைசியில் உயிரணுவின் செரிமான அறைக்குப் போகும். அங்கே நல்ல புளிப்பு. இரும்பு ஆக்சைடு மெல்லக் கரைந்து, இரும்பு பெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிப்பாகிவிடும். பெரிட்டினின் உட்குழி 8 நானோமீட்டர். 4,500 இரும்பணு வரை கொள்ளும். நம் உடம்பே கோடிக்கணக்கான இரும்பு நானோ துகள்களோடுதான் நடமாடுகிறது! இரும்புத் துகள்மேல் எனக்குள்ள நம்பிக்கைக்கு இது ஒரு காரணம். சிறுநீரக நோயாளிகளின் இரத்தச்சோகைக்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெருமாக்சிடால் ஊசி இத்தகைய துகள்தான். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வருவதால் 2015இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். சுமார் 5.5 நானோமீட்டருக்குச் சிறிய துகள்கள் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும். பெரியவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கும். கரையாத படிகமாக இருந்தால் நெடுநாள் தங்கும். ஒளிரும் அரிமண் படிகங்கள் பெரும்பாலும் விலங்குச் சோதனையோடு நிற்பது இதனால்தான்.

மனிதருக்கு ஏற்கெனவே கைகொடுத்துக்கொண்டிருக்கும் கூட்டணி வேறொன்று, அது உடம்புக்கு வெளியே நடக்கிறது. புற்றுக்கட்டியிலிருந்து கழன்று இரத்தத்தில் அலையும் உயிரணுக்கள் மிகச் சில. 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் கோடானுகோடி சிவப்பணுக்களுக்கு நடுவே ஐந்தோ பத்தோ இருக்கும். எதிர்ப்பொருள் ஒட்டிய இரும்பு நானோ துகள்களைக் கலந்து, புட்டியோரம் காந்தத்தை வைத்து அவற்றை மட்டும் இழுத்துச் சேர்ப்பார்கள். பிறகு ஒளிரும் சாயங்களைப் பூசி, இது உண்மையில் புற்றணுவா, வழிதவறி ஒட்டிய வெள்ளையணுவா என்று நிறத்தால் பிரிப்பார்கள். 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செல்சர்ச் கருவியின் வேலை இது. காந்தம் கூட்டிவரும், ஒளி அடையாளம் சொல்லும். இரண்டும் ஒரே துகளில் இருக்கவேண்டிய கட்டாயமே இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக விளக்க முடியாது.

அந்த மூன்று கேள்விகளோடு, விழாவில் காட்ட என்ன செய்யலாம் என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். கேட்மியமும் வேண்டாம், நானோ இரும்பும் வேண்டாம். பாண்டான் இலையைக் கசக்கி மருந்துக்கடை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டுங்கள். மளிகைக் கடையில் ஐம்பது வெள்ளி நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை இருட்டில் அதன்மேல் காட்டினால் பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தத்துக்கு, பள்ளி மணலில் பிளாஸ்டிக் பைக்குள் வைத்த வலுவான காந்தத்தை இழுத்தாலே கரும்பொடி ஒட்டும். பையை உருவினால் பொடி உதிர்ந்துவிடும்.

தோலுக்கு மூன்று கண்ணாடிப் புட்டிகள். ஊருக்கு வெளியே இன்னும் பால்மரம் வைத்திருப்பவர்களிடம் காலையில் கொஞ்சம் புதுப்பால் வாங்கி மூன்றிலும் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றில் சில சொட்டு அமோனியா. அதைச் சன்னலைத் திறந்துவைத்து நீங்களே விடுங்கள், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். இரண்டாவதில் சமையல் வினிகர். மூன்றாவதில் ஒன்றும் ஊற்றாதீர்கள். அது எத்தனை மணிக்குக் கட்டத் தொடங்குகிறது என்று அரைமணிக்கு ஒருதரம் பார்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை பள்ளிக்கு வருகிறேன். அந்தத் தாளை எனக்குக் காட்டுங்கள்.